டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் கணையத்தில் மிச்சமிருக்கும் இன்சுலின்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டைப் 1 என்றாலே கணையத்தில் இன்சுலின் துளியும் சுரக்காது என்கிறார்களே, அப்புறம் என்ன மிச்சம்?

நோய் தெரியவரும் நாளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் ஒரு பங்கு உயிரோடுதான் இருக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில், அவற்றை அழித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் அழித்து முடிக்கவில்லை. எவ்வளவு மிச்சம் என்பது வயதைப் பொறுத்தது. 3 வயதுக் குழந்தையிடம் குறைவாகவும் 15 வயதுப் பிள்ளையிடம் கூடுதலாகவும் இருக்கும்.

இதோடு இன்னொரு விஷயமும் நடக்கிறது. வாரக்கணக்கில் சுகர் 300, 400 என்று இருந்தால் உயிரோடிருக்கும் செல்களும் திணறிப்போய்ச் சுரப்பை நிறுத்திவிடும். ஊசி போட்டுச் சுகரை இறக்கியதும் அவை மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். மருத்துவர்கள் ஹனிமூன் காலம் என்று சொல்வது இதைத்தான். பெயர் பொருத்தமாக இல்லை; ஆனாலும் எல்லா வார்டிலும் அதுவே புழக்கத்தில் இருப்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது 19 யூனிட். மூன்றே மாதத்தில் 8 யூனிட்டுக்கே சுகர் 70-ஐத் தொடுகிறது. இது ஹனிமூன்தானா?

பெரும்பாலும் அதுதான். உறுதிப்படுத்தப் புதிதாக ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு நாளைக்குப் போடும் எல்லா இன்சுலினையும் கூட்டிக் குழந்தையின் எடையால் வகுக்க வேண்டும். வந்த எண்ணை 4-ஆல் பெருக்கி, வழக்கமாக எடுக்கும் எச்பிஏ1சி (சுகரின் மூன்று மாதச் சராசரி) எண்ணோடு சேர்க்க வேண்டும். மொத்தம் 9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கணையம் இன்னும் கைகொடுக்கிறது என்று பொருள். 2009-இல் வெளியான கணக்கு இது. குழந்தை நீரிழிவு மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

உங்கள் பிள்ளையின் எடை 24 கிலோ, எச்பிஏ1சி 6.8 என்று வைத்துக்கொள்வோம். 8-ஐ 24-ஆல் வகுத்தால் 0.33. அதை 4-ஆல் பெருக்கினால் 1.3. 6.8-ஐக் கூட்டினால் 8.1. ஹனிமூன்தான். ஓராண்டு கழித்து எடை 27 கிலோ, இன்சுலின் 16 யூனிட், எச்பிஏ1சி 7.4 என்றால் 9.8 வரும். அப்போது முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நோய் தெரிந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் பழைய உயர்ந்த சுகர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவரை எடையால் வகுத்து வந்த எண்ணை மட்டும் பாருங்கள். சுகர் நன்றாக இருக்கும்போதே அது 0.5-க்குக் கீழே இருந்தால் அதுவே அடையாளம்.

அப்படியானால் ஊசியை நிறுத்திப் பார்க்கலாமா? 2 யூனிட்டுக்கெல்லாம் எதற்குக் குத்துவது?

நிறுத்தக் கூடாது. 2 யூனிட் என்றாலும் 1 யூனிட் என்றாலும் நீண்ட நேர இன்சுலின் தினமும் உள்ளே போக வேண்டும்.

மிச்சமிருக்கும் செல்கள் ஓய்வான நாளில்தான் போதுமானவை. ஒரு காய்ச்சல், ஒரு வாந்தி பேதி வந்தால் உடலின் தேவை ஒரே நாளில் இரண்டு மடங்காகலாம். அந்த எடையை அவை தூக்காது. ஊசி இல்லாத பிள்ளைக்குக் கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலம்) ஏறி, மூச்சு வாங்கி, ஐசியுவில் போய் நிற்பது இப்படித்தான். சில வாரம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. "குணமாகிவிட்டது" என்று நம்பிவிட்ட 8 வயதுப் பிள்ளையை மறுபடி ஊசிக்குச் சம்மதிக்க வைப்பது முதல் தடவையைவிடக் கடினம்.

"எங்கள் லேகியத்தால் இன்சுலினே தேவைப்படவில்லை" என்று வாட்ஸப்பில் சுற்றும் வீடியோக்களுக்கும் விளக்கம் இந்தக் காலம்தான். எந்த மருந்தை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், முதல் சில மாதங்களில் டோஸ் இறங்கத்தான் போகிறது. அந்த நேரத்தில் கொடுத்த பொடிக்கு நல்ல பேர் கிடைத்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துச் சுகர் ஏறும்போது வீடியோ எடுத்தவர் அங்கே இருப்பதில்லை. நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி குற்றம்.

டோஸை எப்படிக் குறைப்பது?

எந்த நேரத்தில் சுகர் இறங்குகிறது என்று பார்த்து, அந்த நேரத்துக்குப் பொறுப்பான இன்சுலினைத்தான் குறைக்க வேண்டும். காலை வெறும் வயிற்றில் இரண்டு நாள் தொடர்ந்து 80-க்குக் கீழே வந்தாலோ, நள்ளிரவு 2 மணிக்கு 70-க்குக் கீழே போனாலோ நீண்ட நேர இன்சுலினில் 10 முதல் 20 சதவீதம் குறையுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 11 மணிக்கு இறங்கினால் காலைச் சாப்பாட்டு இன்சுலினைக் குறையுங்கள். லோ சுகர் வந்த பயத்தில் எல்லா ஊசியையும் ஒரே நாளில் பாதியாக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மறுநாள் 280 வரும், பிறகு எது எதனால் என்றே புரியாது. முதல் மாதத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மருத்துவமனையோடு தொலைபேசியில் பேசி மாற்றுவது நல்லது.

லோவைச் சரிசெய்யும் அளவையும் எடைக்கு ஏற்ப வையுங்கள். ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 24 கிலோப் பிள்ளைக்கு ஏறத்தாழ 7 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன். 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திச் சுகரைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு டம்ளர் ஜூஸ், நாலு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் என்று ஊட்டினால் ஒரு மணி நேரத்தில் 300 வந்து நிற்கும்.

டோஸ் சிறிதாகும்போது சிரிஞ்ச் தவறும் பெரிதாகிவிடுகிறது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜில் வருவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகிவிட்டதே என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 கோடு இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட் அல்ல, 10 யூனிட். ஹனிமூனில் இருக்கும் 20 கிலோக் குழந்தைக்கு இது உயிர்போகும் அளவு. அரை யூனிட் தேவைப்படும் கட்டத்தில் இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணால் அளக்காமல், அரை யூனிட்டாகத் திருகக்கூடிய பேனாவைக் கேட்டு வாங்குங்கள்.

சி-பெப்டைட் என்றால் என்ன? ஏன் நேரடியாக இன்சுலினையே அளப்பதில்லை?

பீட்டா செல் முதலில் புரோஇன்சுலின் என்ற நீளமான ஒரு புரதத்தைச் செய்கிறது. 1967-இல் டொனால்ட் ஸ்டைனர் கண்டுபிடித்தது இது. வெளியே விடும் முன் அதைக் கத்தரிக்கும்போது ஒரு துண்டு இன்சுலின், இன்னொரு துண்டு சி-பெப்டைட். ஒன்றுக்கு ஒன்று, சரிசமம். குப்பியில் வரும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. ஆகவே ரத்தத்தில் இன்சுலினை அளந்தால் ஊசியில் போனதும் சேர்ந்து வந்துவிடும். சி-பெப்டைட்டை அளந்தால் கணையத்திலிருந்து வந்தது மட்டும் தெரியும். இன்சுலின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். சி-பெப்டைட் பாதியாகக் குறையவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வதால் அளக்க வசதி.

அந்த டெஸ்ட்டை வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்கிறது லேப். சரியா?

கணையத்தில் எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு வெறும் வயிறு ஏற்றதல்ல. கணையத்தைத் தட்டி எழுப்பினால்தான் அதன் உண்மையான பலம் தெரியும். பட்டினியில் அது சும்மா இருக்கும்.

ஆய்வுகளில் கையாளும் முறை கலப்பு உணவுச் சோதனை. மாவும் புரதமும் கொழுப்பும் அளவாகக் கலந்த ஒரு பானத்தை எடைக்குக் கிலோவுக்கு 6 மி.லி. வீதம், அதிகபட்சம் 360 மி.லி., 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்கச் செய்வார்கள். 24 கிலோவுக்கு 144 மி.லி. குடிப்பதற்கு முன்னும், பிறகு 15, 30, 60, 90, 120-ஆவது நிமிடங்களிலும் ரத்தம் எடுப்பார்கள். தொடங்கும்போது சுகர் 70-க்கும் 200-க்கும் நடுவே இருக்க வேண்டும். அன்று காலைச் சாப்பாட்டு இன்சுலின் கிடையாது. ஆங்கிலக் கட்டுரைகளில் பானத்தின் பெயர் பூஸ்ட் என்று வரும். அது அமெரிக்காவில் விற்கும் வேறு பானம். நம் கடையில் கிடைக்கும் மால்ட் பொடியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு அந்த எண்களோடு ஒப்பிட முடியாது.

வழக்கமான சிகிச்சைக்கு இவ்வளவு வேண்டியதில்லை. பிள்ளை வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டு இட்லியோ தோசையோ சாப்பிடட்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரே குத்தில் சி-பெப்டைட்டுக்கும் சுகருக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சுகர் எண் பக்கத்தில் இல்லாத சி-பெப்டைட் எண்ணுக்கு மதிப்பு கிடையாது. சுகர் 70-க்குக் கீழே இருந்தால் ஆரோக்கியமான கணையமும் வாயை மூடிக்கொள்ளும், எண் குறைவாகத்தான் வரும். 144-க்கு மேல் இருந்தால் நம்பலாம்.

எண் தவறாக வர இன்னும் சில காரணங்கள் உண்டு. நோய் தெரிந்த அன்றோ, கீட்டோன் ஏறி ஐசியுவில் இருக்கும்போதோ எடுத்தால் செல்கள் திணறிக்கிடக்கும், எண் பொய்யாக இறங்கிக் காட்டும். குறைந்தது இரண்டு வாரமாவது போகட்டும். முடி வளர என்று கொடுக்கும் பயோட்டின் மாத்திரை சில லேப் கருவிகளைக் குழப்பிவிடும், மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு சி-பெப்டைட் வெளியேறாமல் தேங்கி உயர்ந்து தெரியும். சின்ன ஊரில் எடுத்துச் சென்னைக்கு அனுப்பும் ரத்தம் வழியில் வெயிலில் கிடந்தால் சி-பெப்டைட் சிதைந்துவிடும். ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் அறை வெப்பத்திலேயே ஒரு நாள் தாங்கும். அந்த லேப் ஊதா மூடியை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தைக்கு ஒரு மாற்று உண்டு. பெரிய சாப்பாட்டுக்கு முன் சிறுநீர் கழிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து வரும் சிறுநீரில் சி-பெப்டைட்டையும் கிரியேட்டினினையும் அளந்து விகிதம் பார்ப்பது. செய்யும் லேப் குறைவு.

ரிப்போர்ட்டில் 0.7 என்று இருக்கிறது. "குறைவு" என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். மோசமா?

முதலில் அலகைப் பாருங்கள். நம் லேப்கள் பெரும்பாலும் நானோகிராம்/மி.லி. அலகில் தருகின்றன, ஆய்வுக் கட்டுரைகள் நானோமோல்/லிட்டரில் எழுதுகின்றன. முன்னதை 0.33-ஆல் பெருக்கினால் பின்னது. உங்கள் 0.7 என்பது 0.23 நானோமோல்.

லேப் போடும் சிவப்பு, சர்க்கரை நோய் இல்லாதவரோடு ஒப்பிட்டுப் போடுவது. டைப் 1 பிள்ளைக்குப் பார்க்க வேண்டிய கோடு வேறு: சாப்பாட்டுக்குப் பின் 0.2 நானோமோல், அதாவது 0.6 நானோகிராம். அதற்கு மேல் இருந்தால் பயன்தரும் அளவுக்குச் சுரப்பு இருக்கிறது. 0.7 வந்த பிள்ளையின் பெற்றோர் அழுதுகொண்டு வருவதுண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நல்ல செய்தி.

இவ்வளவு சொற்ப இன்சுலினால் என்ன பிரயோஜனம்?

ஊசியில் போன இன்சுலினுக்குப் பிரேக் கிடையாது. பிள்ளை ஓடினாலும், சாப்பிடாமல் தூங்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சொந்தச் சுரப்போ சுகர் இறங்கினால் தானே நின்றுவிடும், ஏறினால் தானே கூடும். அதோடு நேராகக் கல்லீரலுக்கு முதலில் போய்ச் சேரும். இதனால் சொந்தச் சுரப்பு கொஞ்சம் இருக்கும் பிள்ளையின் சுகர் வரைபடம் அலைபோல ஏறி இறங்கும்; அது தீர்ந்துபோன பிள்ளையினுடையது ரம்பப் பல் மாதிரி குத்திக் குத்தி நிற்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1441 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் இது எண்களாகவே தெரிந்தது. 0.2 நானோமோல் அளவுக்கு மிச்சம் இருந்தவர்களுக்கு மயங்கி விழும் அளவு லோ சுகர் குறைவு, விழித்திரைப் பாதிப்பும் குறைவு. கீட்டோன் ஏறுவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தச் சில மணி நேரம் பயணத்தில், இரவில் பெரிய விஷயம்.

எவ்வளவு நாள் நீடிக்கும்?

சில வாரத்திலிருந்து ஓராண்டு வரை சாதாரணம். இரண்டாண்டு தாண்டுவது அபூர்வம். 5 வயதுக்குள் நோய் வந்தவர்கள், கீட்டோன் ஏறிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குச் சீக்கிரம் முடியும். சில குழந்தைகளுக்கு ஹனிமூன் வருவதே இல்லை. அது உங்கள் கவனக்குறைவால் அல்ல. ஹனிமூன் முடிந்தாலும் சுரப்பு சுத்தமாகப் பூஜ்யமாகிவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 50 ஆண்டுக்கு மேல் டைப் 1-ஓடு வாழ்ந்தவர்களை ஆராய்ந்தபோது பாதிப் பேருக்கு மேல் சி-பெப்டைட் கொஞ்சமேனும் கண்டறிய முடிந்தது.

முடிவு ஒரே நாளில் வராது. காலைச் சுகர் மெல்ல ஏறும், அதே சாப்பாட்டுக்கு அதே டோஸ் போதாமல் போகும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டே இருப்பீர்கள். பருவ வயதுக்கு முன் கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட், பருவ வயதில் 1.2-க்கும் மேல் தேவைப்படுவது இயல்பு. இந்த நேரத்தில் "ஒளித்து இனிப்பு தின்கிறாயா" என்று பிள்ளையை விசாரிப்பதுதான் வீடுகளில் நடக்கும் அநியாயம். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

காய்ச்சல் வந்தால்?

ஹனிமூனில் இருந்தாலும் கீட்டோன் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே சாதாரணம். 1.5-ஐத் தாண்டினால் சாப்பாட்டுக் கணக்குக்கு மேலாகக் கிலோவுக்கு 0.1 யூனிட் வரை வேக இன்சுலின் தேவைப்படும்; மருத்துவரோடு பேசிப் போடுங்கள். 3-ஐத் தாண்டினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர ஊசியை விட்டுவிடக் கூடாது.

மிச்சமிருப்பதைக் காப்பாற்ற ஏதாவது செய்ய முடியுமா? பேலியோ உதவுமா?

பேலியோவில் செய்வதுபோல மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டினால் இன்சுலின் தேவை குறையும், கணக்கில் ஹனிமூன் நீள்வதுபோலத் தெரியும். செல்கள் பிழைத்தன என்று அதற்கு அர்த்தமில்லை. வளரும் பிள்ளைக்கு உயரமும் எடையும் பாதிக்கப்படும். கீட்டோன் எப்போதும் கொஞ்சம் இருப்பதால் ஆபத்தான கீட்டோனை அடையாளம் காண்பதும் கடினமாகும்.

சுகரை மிகக் கச்சிதமாக வைத்தால் செல்கள் பிழைக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2022-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நோய் தெரிந்த உடனே, சுகரைப் பார்த்துத் தானே இன்சுலின் செலுத்தும் தானியங்கி பம்ப் கொடுத்து இரண்டாண்டு பார்த்தார்கள். சுகர் நன்றாக இருந்தது. சி-பெப்டைட் மட்டும் மற்றவர்களுக்கு இறங்கிய அளவுக்கே இறங்கியது. நல்ல கட்டுப்பாடு கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அவசியம், அதற்காகவே செய்யுங்கள்.

மருந்துகளில் கதை நீளம். 1980-களில் பிரான்ஸில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்தபோது சிலருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆனால் நிறுத்தியதும் பழைய நிலை, கூடவே சிறுநீரகப் பாதிப்பு. இப்போது டெப்லிசுமாப் என்ற மருந்து இருக்கிறது. பீட்டா செல்களைத் தாக்கும் நோயின் அடையாளமான எதிரணுக்கள் ரத்தத்தில் இருந்து, சுகர் லேசாகப் பிறழத் தொடங்கி, நோய் இன்னும் முழுதாக வராத கட்டத்தில் 14 நாள் டிரிப்ஸாக ஏற்றுவது. 2019 ஆய்வில் நோய் வருவதைச் சராசரியாக இரண்டாண்டு தள்ளிப்போட்டது. 8 வயது நிரம்பியவர்களுக்கு 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2023 ஆய்வில் சி-பெப்டைட் கூடுதலாகத் தங்கியது. எச்பிஏ1சியிலும் இன்சுலின் டோஸிலும் தெளிவான வித்தியாசம் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையான வெரபமில் கொடுத்த பிள்ளைகளுக்கு ஓராண்டு முடிவில் சி-பெப்டைட் மற்றவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. மலிவான மாத்திரைதான், மருந்துக்கடையில் கிடைப்பதுதான். அதற்காக நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கை மாற்றக்கூடியது, ஈசிஜி பார்க்காமல் தொடவே கூடாது.

ஐந்து வருடமாகியும் சி-பெப்டைட் 1.8 நானோகிராம். கடவுள் புண்ணியமா?

நோயின் பெயரே தவறாக இருக்கலாம். மூன்றாண்டு தாண்டியும் 0.6 நானோகிராமுக்கு மேல் நிலையாக இருந்தால் ஜிஏடி, ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 எதிரணுக்களைப் பார்க்க வேண்டும். எதுவும் இல்லை, தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறைதோறும் இளவயதிலேயே சர்க்கரை என்றால் மோடி எனப்படும் ஒற்றை மரபணு வகையாக இருக்கலாம். அதில் சில வகைகளுக்கு ஊசிக்குப் பதில் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை போதும். சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் இதற்கான மரபணுச் சோதனை செய்கிறார்கள். பருமனும் கழுத்தில் கருப்புப் பட்டையும் இருந்தால் டைப் 2-ஆக இருக்கலாம்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கணையத்தில் கல். மெலிந்த பிள்ளை, அடிக்கடி வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம், சுகர் 400 இருந்தும் கீட்டோன் இல்லை என்றால் ஒரு வயிற்று எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுங்கள். இன்சுலின் தேவைப்படும்தான், ஆனால் கொஞ்சம் சுரப்பு மிச்சமிருப்பதால் கீட்டோன் ஏறுவது அரிது.

இதற்கு நேரெதிரான ஒரு விதிவிலக்கும் உண்டு. பிறந்து 6 மாதத்துக்குள் சர்க்கரை வந்த குழந்தைக்கு சி-பெப்டைட் பூஜ்யமாக இருந்தாலும் மரபணுச் சோதனை கட்டாயம். செல்கள் சாகவில்லை, இன்சுலினை வெளியே விடும் கதவு பூட்டிக் கிடக்கலாம். கிளிபென்கிளமைட் மாத்திரை பல குழந்தைகளுக்கு அதைத் திறந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சி-பெப்டைட் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். டைப் 1 என்று உறுதியான பிள்ளைக்கு அந்த எண்ணால் நாளைய டோஸ் மாறப்போவதில்லை. அந்தப் பணத்துக்குச் சுகர் ஸ்டிரிப் வாங்குங்கள்.

தம்பிக்கும் சி-பெப்டைட் பார்த்துவிடலாமா?

அது தம்பிக்கான டெஸ்ட் அல்ல. நோய் வருவதற்கு முன் அது சாதாரணமாகவே இருக்கும். பார்க்க விரும்பினால் எதிரணுச் சோதனை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிரணுக்கள் இருந்தால் நோய் முதல் கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். அதற்குச் செலவிட வசதியில்லாவிட்டாலும் வீட்டில் ஏற்கெனவே குளுக்கோமீட்டர் இருக்கிறது. படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட தம்பி மறுபடி நனைக்கத் தொடங்கினால், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டே திரிந்தால், அன்றைக்கே ஒரு விரலில் குத்திப் பாருங்கள். 200-க்கு மேல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.